கழுத்தில் கொடி சுற்றினால் மூச்சு முட்டுமா? பிரசவ நேரத்துத் தொப்புள்கொடிச் சிக்கல்கள்: ஓர் எளிய விளக்கம்

ஒன்பதாம் மாத ஸ்கேன் அறிக்கையில் 'கழுத்தில் கொடி ஒரு சுற்று' என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், வீட்டில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் இருக்காது. "கொடி சுத்திக்கிச்சாம், ஆபரேஷன்தானாம்" என்ற பேச்சு மறுநாளே சொந்தக்காரர்கள் வீடுவரை போய்விடும். பிரசவத்தில் எது தவறிப்போனாலும் பிற்பாடு சொல்லப்படும் காரணமும் பெரும்பாலும் இதுதான்.

உண்மையில், தொப்புள்கொடி தொடர்பாக வரக்கூடிய பிரச்சினைகளில் மிகச் சாதாரணமானது இந்தக் கழுத்துச் சுற்று. நிமிடக் கணக்கில் உயிருக்கு ஆபத்தாகும் 'கொடி இறங்குதல்' பற்றியோ கர்ப்பிணிகளில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், வேண்டாததற்குப் பயந்துகொண்டிருக்கிறோம். எது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

கொடிக்குள் என்ன இருக்கிறது?

நிறைமாதத்தில் தொப்புள்கொடி சராசரியாக 50 முதல் 60 செ.மீ. நீளமும், 1 முதல் 2 செ.மீ. தடிமனும் இருக்கும். ஒரு முனை குழந்தையின் தொப்புளில், மறுமுனை நஞ்சுக்கொடியில். நஞ்சுக்கொடி என்பது கருப்பையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் தட்டையான உறுப்பு. தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனும் சத்துகளும் குழந்தையின் ரத்தத்துக்கு மாறும் இடம் அதுதான். குழந்தை பிறந்தபின் 'நஞ்சு விழுந்துவிட்டதா' என்று கேட்கிறார்களே, அந்த நஞ்சு.

கொடிக்குள் ஒரு சிரை, இரண்டு தமனிகள் என மூன்று ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சிரை, நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவருகிறது. தமனிகள், குழந்தை பயன்படுத்திய ரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகின்றன. (தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று பள்ளியில் படித்ததற்கு இது நேர் எதிர். இங்கே அப்படித்தான்.) இந்த மூன்றையும் சுற்றி வழுவழுப்பான கூழ் போன்ற ஒரு பொருள் நிரம்பியிருக்கும். 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டனின் பெயரால் அதை வார்ட்டன் ஜெல்லி என்கிறார்கள். குழாய்கள் எளிதில் நசுங்காமல் காப்பது அதன் வேலை. கொடி முறுக்கிக்கொண்டு இருப்பதும் அதே பாதுகாப்புக்காகத்தான்.

இங்கேதான் முதல் தவறான எண்ணத்தை விட வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை தொண்டை வழியாக மூச்சு விடுவதில்லை. அதன் நுரையீரலுக்குள் காற்று கிடையாது, திரவம்தான் இருக்கிறது. ஆக்சிஜன் வருவது கொடி வழியாக. ஆகவே கழுத்தில் கொடி சுற்றினால் தூக்குக் கயிறு போலத் தொண்டையை நெரிக்கும் என்ற கற்பனைக்கு அடிப்படையே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: கொடிக்குள் ரத்தம் ஓடுகிறதா, தடைபடுகிறதா?

சுற்றுவது வேறு, நசுங்குவது வேறு

தோட்டத்தில் தண்ணீர் விடும் ரப்பர் ஹோஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தென்னை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாலும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். தளர்வாக ஒரு முடிச்சே விழுந்திருந்தாலும் வரும். ஆனால் ஹோஸ்மேல் ஒருவர் ஏறி நின்றால் சட்டென்று நின்றுவிடும். சுற்றிய ஹோஸின் இரு முனையையும் பலமாக இழுத்தால், அப்போதும் ஓட்டம் குறையும். தொப்புள்கொடியில் எந்தப் பிரச்சினை என்றாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்: மேலே ஏதோ அழுத்துகிறது, அல்லது இறுக்கி இழுக்கப்படுகிறது.

பிரசவ வலியின்போது கருப்பை இறுகுகிறது. வலி நன்றாகப் பிடித்த நிலையில் 10 நிமிடத்துக்கு 3, 4 முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் இப்படி இறுகும். பனிக்குடம் உடைந்து நீர் வெளியேறியிருந்தால் கொடிக்கு இருந்த மெத்தையும் போய்விடும். குழந்தையின் உடம்புக்கும் கருப்பைச் சுவருக்கும் நடுவே கொடி மாட்டிக்கொள்ள வாய்ப்பு கூடும்.

மாட்டும்போது முதலில் நசுங்குவது மெல்லிய சுவருள்ள சிரை. குழந்தைக்கு வரும் ரத்தம் குறைவதால் இதயத் துடிப்பு சற்று ஏறுகிறது. அழுத்தம் கூடினால் தமனிகளும் அடைபடுகின்றன. வெளியே போக வேண்டிய ரத்தம் போக வழியின்றிக் குழந்தையின் ரத்த அழுத்தம் எகிறும். அதை ஈடுகட்ட உடம்பு தானாகவே துடிப்பைக் குறைக்கும். வலி தணிந்து கொடி விடுபட்டதும் துடிப்பு பழையபடி ஏறிவிடும்.

பிரசவ அறையில் வயிற்றில் பெல்ட் கட்டி, காகிதத்தில் கோடு கோடாக வரும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் சிடிஜி. குழந்தையின் துடிப்பையும் கருப்பை இறுகுவதையும் ஒரே தாளில் பதிவுசெய்யும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பான துடிப்பு. கொடி நசுங்கும்போது கோடு சட்டென்று பள்ளமாக இறங்கிச் சட்டென்று ஏறும். ஒரு பள்ளத்தைப் பார்த்ததும் யாரும் பதறுவதில்லை. ஆரோக்கியமான குழந்தை இந்தச் சிறு தடைகளைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு வலிகளுக்கு நடுவில் கிடைக்கும் ஓய்வில் இழந்த ஆக்சிஜனை ஈடுசெய்துகொள்ளும். பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனால், ஒவ்வொரு வலிக்கும் வந்தால், மீண்டு வர நேரம் எடுத்தால், அல்லது மீளவே இல்லையென்றால்தான் கவலை.

அப்போது முதலில் செய்யப்படுபவை எளியவை. தாயை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். நிலை மாறினாலே பல நேரம் கொடி விடுபட்டுவிடும். வலி வரவழைக்கும் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தால் நிறுத்துவார்கள். கொடி கீழே இறங்கியிருக்கிறதா என்று கையால் உள்பரிசோதனை செய்து பார்ப்பார்கள். இவ்வளவுக்கும் துடிப்பு சரியாகவில்லை என்றால்தான் ஆயுதம் போட்டோ, அறுவை செய்தோ சீக்கிரம் குழந்தையை எடுக்கும் முடிவு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கொடி எங்கே கிடக்கிறது என்பதைவிட, அதில் ரத்தம் ஓடுகிறதா என்பதே முக்கியம். அதைக் காட்டுவது குழந்தையின் இதயத் துடிப்பு.

கழுத்துச் சுற்று

பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கு அல்லது ஐந்து பேரில் ஒருவருக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். பெரும்பாலும் ஒரே சுற்று, அதுவும் தளர்வாக. குழந்தை பனிக்குட நீரில் புரண்டு திரும்பும்போது விழும் சுற்று இது. கொடி நீளமாக இருந்தால் வாய்ப்பு அதிகம். விழுந்த சுற்று தானாகவே அவிழ்வதும் உண்டு. இன்றைக்கு ஸ்கேனில் தெரிந்தது அடுத்த வாரம் இல்லாமலும் போகலாம்.

"எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு, படுத்தபடியே புரண்டால் கொடி சுத்திக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கையைத் தூக்கித் துணி காயப்போடக் கூடாது என்பார்கள். தாய் எப்படிப் புரண்டாலும் கொடி சுற்றாது, புரள்வது குழந்தை. எழுந்து உட்கார்ந்து திரும்புவது இடுப்புக்கு இதமாக இருந்தால் அப்படியே செய்யலாம், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

'மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது' என்ற நம்பிக்கையும், தாய்மாமன் முதலில் எண்ணெயில் குழந்தையின் முகம் பார்க்கும் சடங்கும் நமக்குத் தெரிந்தவை. ஐந்தில் ஒரு குழந்தைக்கு மாலை விழுகிறது. அத்தனை மாமன்களுக்கும் ஆகாமல் போயிருந்தால் காதுகுத்துக்கு மடி கொடுக்க ஊரில் ஆள் இருந்திருக்காது.

ஸ்கேனில் சுற்று தெரிந்தால் என்ன செய்வது? சுற்று இருப்பதை ஸ்கேன் காட்டும்; பிரசவ நேரத்தில் அது இறுகுமா, தளர்வாகவே இருக்குமா என்று காட்டாது. அதனால், வேறு காரணம் எதுவும் இல்லாமல் ஒரு சுற்றை மட்டும் வைத்துச் சிசேரியன் முடிவு செய்யத் தேவையில்லை. "கொடி சுற்றியிருக்கிறது, ஆபரேஷன்தான்" என்று சொல்லப்பட்டால் "குழந்தையின் துடிப்பு, வளர்ச்சி, நீரின் அளவு எல்லாம் எப்படி இருக்கிறது?" என்று கேட்கலாம். அவை சரியாக இருந்தால் துடிப்பைக் கவனித்தபடி சுகப்பிரசவத்துக்கு முயல்வதே வழக்கம். மூன்று, நான்கு சுற்றுகள் அரிது. அப்போது கவனிப்பு கூடுதலாக இருக்கும்.

குழந்தை பிறக்கும்போது நடப்பது இது. தலை வெளியே வந்ததும் மருத்துவரோ செவிலியரோ விரலால் கழுத்தைச் சுற்றித் தடவிப் பார்ப்பார்கள். கொடி தளர்வாக இருந்தால் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவார்கள். மேலே வரவில்லையென்றால் தோள் வழியாகக் கீழே நழுவ விடுவார்கள். அதற்கும் இடமில்லையென்றால், தலையைத் தாயின் தொடையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குட்டிக்கரணம் போடுவது போல வெளியே வரவிட்டு, பிறகு அவிழ்ப்பார்கள். இரண்டு கிளிப் போட்டு நடுவில் வெட்டுவது கடைசி வழி.

வெட்டுவதை ஏன் கடைசியில் வைத்திருக்கிறார்கள்? இறுக்கமான சுற்றில் சிரை நசுங்கியும் தமனிகள் திறந்தும் இருக்கும். குழந்தையிலிருந்து ரத்தம் நஞ்சுக்கொடிக்குப் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வருவது குறைந்துவிடும். அந்த நிலையில் உடனே வெட்டினால் குழந்தைக்குச் சேர வேண்டிய ரத்தம் நஞ்சுக்கொடியிலேயே தங்கிவிடும். குழந்தை வெளுத்துப்போய்ப் பிறக்கும். வெட்டாமல் அவிழ்த்துச் சற்றுப் பொறுத்தால் அது திரும்பி வர நேரம் கிடைக்கும். சாதாரணப் பிரசவத்திலும் குறைந்தது 1 நிமிடம் கழித்தே கொடியை வெட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

சுற்று இறுக்கமாக இருந்த சில குழந்தைகளின் முகம் மட்டும் நீலம் பாரித்து, சிறு சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். உடம்பு நல்ல நிறத்தில் இருந்து, குழந்தை நன்றாக அழுது பால் குடித்தால் பயம் வேண்டாம். சில நாள்களில் மறைந்துவிடும்.

முடிச்சும் நீளமும்

நூறு பிரசவங்களில் ஏறக்குறைய ஒன்றில் கொடியில் உண்மையான முடிச்சு இருக்கும். சிறு வயதுக் கருவாக இருந்தபோது குழந்தை ஒரு வளையத்துக்குள் நுழைந்து வந்ததால் விழுந்தது. பெரும்பாலான முடிச்சுகள் பிரசவம் முடிந்து கொடியைப் பார்க்கும்போதுதான் தெரியவரும். அதுவரை ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். அரிதாக இறுகும், அப்போது ஆபத்துதான். கொடி மிகக் குட்டையாக இருந்தால் குழந்தை கீழே இறங்கும்போது இழுபடலாம். மிக நீளமாக இருந்தால் சுற்றும் முடிச்சும் விழ வாய்ப்பு கூடும்.

கொடி இறங்குதல்: உண்மையான அவசரம்

பனிக்குடம் உடைந்த பிறகு, குழந்தையின் தலைக்கு முன்பாகவே கொடி கருப்பை வாய் வழியாகக் கீழே நழுவி வந்துவிடுவதுதான் கொடி இறங்குதல். ஆயிரம் பிரசவங்களில் 1 முதல் 6 வரை நடக்கிறது. எண்ணிக்கை சிறியது, ஆனால் தோட்டத்து ஹோஸ்மேல் ஏறி நிற்கும் ஆள் இங்கேதான் வருகிறார்: ஒவ்வொரு வலிக்கும் குழந்தையின் தலை இறங்கி, இடுப்பெலும்போடு சேர்த்துக் கொடியை நசுக்கும். போதாக்குறைக்கு, வெளியே வந்த கொடி குளிர்ந்தாலோ கைபட்டாலோ அதன் ரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கிக்கொள்ளும்.

யாருக்கு வரும்? பொதுவாகக் குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கும்; கொடி நழுவ இடமிருக்காது. அந்த அடைப்பு இல்லாத இடங்களில்தான் பிரச்சினை. குழந்தை குறுக்காகவோ, கால் கீழாகவோ இருந்தால், குறைமாதமாக இருந்தால், பனிக்குட நீர் அதிகமாக இருந்தால், இரட்டையரில் இரண்டாவது குழந்தைக்கு, பல பிரசவங்கள் கண்டவருக்கு. 'தலை இன்னும் ஃபிக்ஸ் ஆகவில்லை' என்று மருத்துவர் சொல்கிறாரே, அதுவும் இந்தக் கணக்கில் சேரும். மருத்துவமனையிலேயே பனிக்குடத்தைச் செயற்கையாக உடைக்கும்போதும் நடக்கலாம். ஆகவேதான் தலை மேலேயே இருக்கும்போது அவசரப்பட்டு உடைப்பதில்லை. உடைத்தே ஆகவேண்டும் என்றால் அறுவை அரங்கு தயாராக இருக்க வேண்டும். குழந்தை குறுக்காகக் கிடந்தால் 37 வாரத்துக்குப் பிறகு முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்வதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லது.

எப்படித் தெரியும்? தண்ணீர் உடைந்த கையோடு பிறப்புறுப்பில் ஏதோ வழுவழுப்பாக இறங்கி நிற்பது போலத் தோன்றலாம்; கொடியே கண்ணுக்குத் தெரியலாம். சில நேரம் கொடி தலைக்குப் பக்கத்திலேயே மறைந்து நிற்கும். அப்போது துடிப்பு திடீரென்று விழுவது மட்டுமே அடையாளம். பனிக்குடம் உடைந்தவுடன் துடிப்பைப் பார்ப்பது சடங்குக்காக அல்ல, இதற்காகத்தான்.

மருத்துவமனையில் ஒருவர் உடனே உள்ளே கைவிட்டுக் குழந்தையின் தலையை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொள்வார். அந்தக் கையை அறுவை அரங்கில் குழந்தை எடுக்கப்படும்வரை எடுக்க மாட்டார். தாமதமாகும் என்றால், சிறுநீர்க் குழாய் போட்டு மூத்திரப் பையில் 500 முதல் 750 மி.லி. உப்பு நீரை ஏற்றி, குழாயை அடைத்துவிடுவார்கள். நிரம்பிய பை தலையைத் தானே மேலே தூக்கிப் பிடிக்கும். 1970-இல் வாகோ என்ற மருத்துவர் எழுதிய முறை இது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது மிகவும் உதவும். வயிற்றைக் கீறுமுன் அந்த நீரை வெளியேற்ற மறக்கக் கூடாது. வலியைத் தற்காலிகமாகத் தணிக்க ஊசியும் போடுவதுண்டு. கருப்பை வாய் முழுதும் திறந்து, குழந்தை உடனே வந்துவிடும் நிலை என்றால் கீழ்வழியாகவே எடுப்பார்கள். இல்லையென்றால் சிசேரியன், 30 நிமிடத்துக்குள் என்பது இலக்கு.

வீட்டிலோ வழியிலோ நடந்தால்:

- உடனே 108-ஐ அழைத்து, 'பிரசவ வலி' என்று மட்டும் சொல்லாமல் "கொடி வெளியே வந்துவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிசேரியன் செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.
- வண்டி வரும்வரை கர்ப்பிணி முட்டிபோட்டு, மார்பும் தலையும் தரையோடு இருக்க, இடுப்பை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். தலை கொடிமேல் அழுந்துவது குறையும்.
- ஓடும் வண்டியில் அந்த நிலை பாதுகாப்பல்ல. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, இடுப்புக்குக் கீழ் இரண்டு தலையணை வையுங்கள்.
- முக்கக் கூடாது. வலி வரும்போது வாயைத் திறந்து மூச்சை ஊதி ஊதி விடட்டும்.
- கொடியை இழுக்கவோ, கருப்பைக்குள் திணிக்கவோ, திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கவோ வேண்டாம். சுத்தமான துணியை மேலே வைத்தால் போதும்.
- தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தேவைப்படலாம்.

சுருக்கமாக, கொடி இறங்கினால் செய்ய வேண்டியது இரண்டே: கொடிமேல் இருக்கும் பாரத்தைக் குறைப்பது, குழந்தையை விரைவில் வெளியே எடுப்பது.

கொடி சேரும் இடம் தவறினால்

இன்னொன்று அரிதானது, ஆனால் முன்பே கண்டுபிடித்தால் பெரும்பாலும் தப்பிக்கக்கூடியது. கொடி வழக்கமாக நஞ்சுக்கொடியின் நடுப்பகுதியில் சேரும். நூறில் ஏறக்குறைய ஒரு கர்ப்பத்தில் அது பனிக்குடச் சவ்வில் சேர்ந்து, ரத்தக் குழாய்கள் வார்ட்டன் ஜெல்லியின் பாதுகாப்பில்லாமல் சவ்வின் மேல் ஓடும். அந்தக் குழாய்கள் கருப்பை வாய்க்கு நேர் மேலே குறுக்கிட்டால் அதன் பெயர் வாசா பிரீவியா. ஏறக்குறைய 2,500 கர்ப்பங்களில் ஒன்று.

பனிக்குடம் உடையும்போது அந்தக் குழாயும் கிழியலாம். அப்போது வருவது தாயின் ரத்தமல்ல, குழந்தையின் ரத்தம். 3 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 250, 300 மி.லி.தான். தாய்க்கு அது சிறு ரத்தப்போக்காகத் தெரியும். குழந்தைக்கு அது பாதி உயிர். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் 155 கர்ப்பங்களைப் பார்த்தார்கள். முன்பே கண்டறியப்பட்டவர்களில் 97 சதவீதக் குழந்தைகள் பிழைத்தன. கண்டறியப்படாதவர்களில் 44 சதவீதம் மட்டுமே.

கண்டுபிடிக்கத் தேவையானது கலர் டாப்ளர் ஸ்கேன். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் ஸ்கேன் அது. ஐந்தாம் மாத ஸ்கேனின்போது "கொடி நஞ்சுக்கொடியில் எங்கே சேர்கிறது என்று பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்பதில் செலவு எதுவும் இல்லை. நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்களும், ஐவிஎஃப் மூலம் கருவுற்றவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும். இருப்பது உறுதியானால் வலி வரும்வரை காத்திருக்காமல் 34 முதல் 36 வாரத்துக்குள் திட்டமிட்ட சிசேரியன் செய்வார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கொடியை வெளியிலிருந்து பார்க்க முடியாது. குழந்தையின் அசைவைத் தாயால் உணர முடியும். 28 வாரத்துக்குப் பிறகு அவரவர் குழந்தைக்கென்று ஓர் அசைவுப் பழக்கம் இருக்கும். அது குறைந்ததாகத் தோன்றினால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வேறு வேலையில்லாமல் எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு வரவில்லையென்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அசைவே இல்லையென்றால் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும். 'நிறைமாதத்தில் இடம் போதாது, அசைவு குறையத்தான் செய்யும்' என்பது தவறு. அசைவின் விதம் மாறலாம், ஆனால் குறையக் கூடாது. இனிப்புச் சாப்பிட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்பதும் வேண்டாம்.

தண்ணீர் உடைந்தால் மணியைப் பாருங்கள், நிறத்தைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் பதறாமல், ஆனால் தாமதிக்காமல் கிளம்பலாம். பச்சையாகவோ ரத்தச் சிவப்பாகவோ இருந்தால், குழந்தை குறுக்காகவோ கால் கீழாகவோ இருப்பது முன்பே தெரிந்திருந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எட்டாம் மாதத்திலேயே இன்னொன்றையும் விசாரித்து வைப்பது நல்லது: நீங்கள் பிரசவத்துக்குப் போகும் இடத்தில் இரவு 2 மணிக்கு அவசரச் சிசேரியன் செய்ய மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் இருப்பார்களா, இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்?